பூட்டாத வீடு

மின்சார ஆபீஸில் எங்களுக்கு வசதியான ஒரு வார்த்தை உண்டு: 'கதவு பூட்டு'. மீட்டர் பார்க்கப் போன வீட்டில் ஆள் இல்லையென்றால் அப்படிக் குறித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அந்த வார்த்தையை வைத்து நான் செய்த காரியத்தை என் மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

கடலூர் மாவட்டத்தில் நான் உதவிப் பொறியாளர். ஒரு தெருவுக்கு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்பதை, முன்பெல்லாம் போன வருஷக் கணக்கோடு கொஞ்சம் கூட்டிப் போட்டு முடித்துவிடுவோம். நான்கு வருஷத்துக்கு முன் அதை மாற்றினார்கள். வீடு வீடாகப் போக வேண்டும். ஏசி வாங்குவீர்களா, கரண்ட் அடுப்பு வருமா, பேட்டரி ஸ்கூட்டர் வருமா என்று கேட்டு டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். தேவை கூடும் தெருவுக்குப் புது டிரான்ஸ்பார்மர் வரும். பூட்டிய வீட்டுக்கு மட்டும் பழைய கணக்கே நிற்கும்.

எனக்குச் சிதம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு தெரு விழுந்தது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. தெருமுனையில் நின்றபடியே ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளைப் பார்த்தேன். இவர்கள் எங்கே ஏசி வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அதே மாதிரி ஒரு கூரையின் கீழ் படித்து வேலைக்கு வந்தவன் நான். வெட்கங்கெட்ட புத்தி. சர்பத் கடை பெஞ்சில் உட்கார்ந்து, முழுத் தெருவுக்கும் 'கதவு பூட்டு' போட்டேன். சர்பத் தீருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பக்கத்துத் தெருவுக்கு டிரான்ஸ்பார்மர் வந்தது. இந்தத் தெருவுக்கு வரவில்லை.

இந்தக் கோடையில் அங்கிருந்து லோ வோல்டேஜ் என்று புகார் வந்தது. சாயங்காலம் போனேன். புகார் கொடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. வாதம் வந்து படுத்துவிட்ட அம்மாவுக்கு முதுகெல்லாம் புண். டாக்டர் சொன்னதால் ஏசி வாங்கி மாட்டியிருந்தார். அது உயிர் வராமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறி இறக்கைகளை எண்ணிவிடலாம், அவ்வளவு மெதுவாகச் சுற்றியது. தெருவில் பாதி வீடுகளில் ஏசி வந்துவிட்டதாம்.

ஆசிரியை நிதானமாகத்தான் கேட்டார். "பக்கத்துத் தெருவுல வீடு வீடா வந்து என்ன வாங்குவீங்கன்னு கேட்டாங்களாம் சார். எங்க வீட்டுக்கு யாருமே வரலியே?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். ஆனால் வாயில் பழைய வார்த்தைதான் வந்தது.

"வந்தோம்மா. வீடு பூட்டியிருந்துச்சு."

அவர் கட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மா படுத்து ஏழு வருசம் ஆவுது சார். அன்னையிலேருந்து இந்த வீட்ட நாங்க பூட்டுனதே இல்ல."

எனக்குக் குப்பென்று வேர்த்தது. தலையைத் தூக்க முடியவில்லை. கட்டிலில் இருந்த அம்மா மகளைக் கூப்பிட்டு, குழறலாகச் சொன்னார்.

"சாருக்கு வேர்த்துக் கொட்டுது பாரு. என் விசிறியக் குடு."

வாங்கிக்கொண்டேன். வீசத்தான் கை வரவில்லை.