கம்பத்துக்கு மேலால் போன பந்து

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னிக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் கண்டிருந்தோம். மெரிலேண்ட்ஸில் வாடகை வீடு. எனக்கு ஓர் ஆஸ்பத்திரியில், எலும்பு முறிவு வார்டில் தாதி வேலை.

அங்கே ஒரு ரக்பி ஆட்டக்காரர் வந்து சேர்ந்தார். பந்தை நிலத்தில் நிறுத்தி வைத்துக் கோலுக்கு உதைப்பதுதான் அணியில் அவருடைய வேலை. உதைக்கிற அந்தக் காலிலேயே, முழங்காலில் சத்திரசிகிச்சை. பழையபடி உதைப்பது கஷ்டம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். உதைக்க முடியாவிட்டால் கிளப் தன்னை விட்டுவிடும் என்று அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அதிகம் பேச்சில்லை. கட்டில் காலடியில், சேலைன் போத்தல் தொங்கவிடுகிற நெட்டைக் கம்பிகள் இரண்டு சும்மா நின்றன. நான் எடுக்கப் போனால், அங்கேயே நிற்கட்டும் என்பார். பிறகு முகட்டைப் பார்த்தபடி மணிக்கணக்காகக் கிடப்பார்.

"அந்த மனிசன் மனமுடைஞ்சு போச்சுது, பாவம்," என்று வீட்டில் என் கணவரிடம் சொல்லிக் கவலைப்பட்டேன்.

அடுத்த வருஷம், ஆட்டம் பார்க்க வரும்படி அவரே இரண்டு டிக்கெட் அனுப்பினார். ஊரில் பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் ஆடியவர் என் கணவர். "எனக்குத் தெரியாத உதைபந்தே? வாரும், நான் விளங்கப்படுத்துறன்," என்றார். எனக்கு வேலை முடிந்து, ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் முடிகிற நேரம். டிக்கெட் அனுப்பியவருடைய அணி ஒரு புள்ளி பின்னால் நிற்கிறது, கடைசி உதை அவருக்குத்தான் என்று பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் சொன்னாள்.

அவர் குதிகாலால் சேற்றைக் குடைந்து பந்தை நிமிர்த்தி வைத்தார். பின்னால் நடந்துபோய் நின்று, தலையை உயர்த்தி மேலே பார்த்தார். அவ்வளவு சனமும் அடங்கிப்போனது. கோயிலில் திரை விலகுமுன் வருகிற அமைதி அது. நான் கழுவிக் கட்டுப்போட்ட அந்தக் கால் ஓடி வந்து உதைத்தது. அப்படியொரு உதையை நான் கண்டதே இல்லை. பந்து எழும்பி எழும்பி, குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போய்விட்டது.

"சீ, மேலாலை போயிட்டுதப்பா," என்று இவர் தலையில் கைவைத்தார். நான் அழுதேவிட்டேன்.

பார்த்தால் மைதானமே துள்ளுகிறது. பக்கத்துப் பெண் என்னைக் கட்டிப்பிடிக்கிறாள். இந்த ஆட்டத்தில் பந்து இரண்டு நெட்டைக் கம்பங்களுக்கும் நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால்தான் கோல் என்பது அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் வென்றுவிட்டார். நம்முடைய நிபுணர் ரயிலில் வீடு வந்து சேரும்வரை வாயே திறக்கவில்லை.

எனக்கோ அந்த இரண்டு சேலைன் கம்பிகள் கண்ணுக்குள் நின்றன. கட்டிலில் கிடந்த அந்த மனிதர் பார்த்தது முகட்டை இல்லை, இரண்டு கம்பிகளுக்கும் நடுவே உள்ள உயரத்தை. பிறகு எத்தனையோ வருஷம் தாதியாக இருந்தேன். யாராவது பேச்சில்லாமல் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தால், மனமுடைந்துவிட்டார் என்று மட்டும் நான் முடிவுகட்டியதே இல்லை, குறி பார்க்கிறாராக்கும் என்று பேசாமல் கம்பியை நின்ற இடத்திலேயே விட்டுவிடுவேன்.