கடைசிப் பெட்டியில் அம்மா

தறி நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும். வாரம் முழுவதும் சுவருக்கு அந்தப்பக்கம் இடித்துக்கொண்டே இருக்கும் விசைத்தறிகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் போடுவதற்காக ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். கடைசித் தறியும் அடங்கிய அந்த நொடியில், யாரோ போர்வையை உருவிவிட்டதைப் போல எழுந்து உட்கார்ந்துவிடுவேன். காதுக்குள் ஒரு ரீங்காரம் மட்டும் மிச்சம் இருக்கும். அது அடங்கிய பிறகுதான் காக்கை கத்துவதும், பக்கத்து "ஊட்டில்" குடத்தை நகர்த்துவதும், அப்பா இருமுவதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கத் தொடங்கும். சாமளாபுரத்தில் தறிக் "குடோனை" ஒட்டிய வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கொஞ்சம் கடினம்.

அந்தச் சத்தத்தில் வாய்விட்டுப் பேசுவது வீண் வேலை என்பதால் எங்கள் தெருவில் பேச்சு என்பதே பாதிக்கு மேல் உதட்டசைவும் கையசைவும்தான். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ வந்துவிட்டது என்று பொருள். இல்லாத மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிரித்தால் எங்கோ இழை அறுந்திருக்கிறது. திரும்பி நிற்பவரைக் கூப்பிட வேண்டுமானால் தரையில் காலால் ஓங்கி உதைப்போம், அல்லது கையில் கிடைக்கும் கழிவு நூலைச் சுருட்டி முதுகில் எறிவோம். குடோனில் பழகிய இந்தப் பழக்கம் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. அப்பா கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றும் வண்டி ஓட்டியவர், தறிப்பக்கமே போகாதவர், அவரும் சோற்றுக்கு உட்கார்ந்தால் வாயைத் திறக்காமல் கையால்தான் ரசம் கேட்பார். வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, "இவங்க ஊட்டுல ஏதோ சண்டையாட்ட இருக்குது" என்று பேசிக்கொண்டு போவார்களாம்.

அந்தத் தறிகளில் நான்கை ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டவள் என் அம்மா. அவளுக்கு நகை, புடவை, கோயில் குளம் எதிலும் பெரிய பிடிப்பு கிடையாது. கோயம்புத்தூருக்கு அந்தப்பக்கம் இருந்த பொழுதுபோக்குப் பூங்காவின் ரோலர் கோஸ்டர் மட்டும்தான் அவளுடைய பைத்தியம். எங்கள் வீட்டில் அதற்குத் "தலைகீழ் ரயில்" என்று பெயர். ஒரு தீபாவளிக்குக் குடோன்காரர் ஆட்களையெல்லாம் வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போனபோது, மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழேயே நின்றுவிட, அம்மா மட்டும் ஏறினாளாம். இறங்கியவள் அப்படியே போய் மறுபடியும் வரிசையில் நின்றாளாம். அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அங்கேதான் விடிந்தது.

அப்பாவுக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. "போறதுக்குன்னு ஒரு ஊரு இல்ல, எறங்கறதுக்குன்னு ஒரு ஸ்டாப்பு இல்ல, ஏத்துன எடத்துலயே கொண்டாந்து எறக்கி உடறதுக்கு இதுக்கொரு ரயிலா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் கூடவே வருவார். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு நுழைவோம். உள்ளே போனதும் அம்மாவின் செருப்பையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதுதான் அவர் வேலை.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிற ஆள் இல்லை, அதன் சூட்சுமமெல்லாம் அவளுக்குத் தெரியும். காலையில் ரயில் மந்தமாக ஓடும், வெயில் ஏறிச் சக்கரம் சூடானால்தான் வேகம் பிடிக்கும் என்பாள். தறியும் காலையில் அப்படித்தானே சோம்பிக் கிடக்கும் என்பாள். எல்லோரும் முதல் பெட்டிக்கு அடித்துக்கொள்ளும்போது அவள் மட்டும் கடைசிப் பெட்டிக்காக நின்று, தேவைப்பட்டால் ஒரு நடையை விட்டுவிட்டு அடுத்த நடையில் ஏறுவாள். முன்னால் போகிற பெட்டிகள் எல்லாம் சேர்ந்து இழுப்பதால் இறக்கத்தில் கடைசிப் பெட்டியைத்தான் தூக்கி எறியும் என்பது அவளுடைய கணக்கு. ஏறியவள் கையைத் தூக்க மாட்டாள், கத்தவும் மாட்டாள். தோளின்மேல் இறங்கும் கம்பியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்போடு, ஏதோ உள்ளூருக்குப் பஸ்ஸில் போகிறவளைப் போலப் போவாள். வீட்டில் அந்தச் சிரிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

எனக்கு அதில் இடம் கிடையாது. வாசலில் ஒரு பலகை யானை நிற்கும். அதன் தந்தத்துக்குத் தலை முட்டினால்தான் உள்ளே விடுவார்கள். நான் குதிகாலை உயர்த்தி நிற்க, அம்மா என் தோளைப் பிடித்து இறக்கிவிடுவாள். "வளந்துக்கிட்டு வா கண்ணு. எம்பக்கத்து சீட்டு உனக்குத்தான்" என்று அவள் உதட்டால் சொல்வதை மனதில் வாங்கிக்கொண்டு, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ ஒரு முன்பின் தெரியாதவர் அவள் பக்கத்து இருக்கையில் கத்திக்கொண்டு போவதைப் பார்த்துப் பொறாமைப்படுவேன். படிப்பில் முதலாவதாக வர வேண்டும், சைக்கிள் வாங்க வேண்டும் என்றெல்லாம் அந்த வயதில் எனக்கு ஆசை இருந்ததில்லை. அந்த யானையைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

தாண்டினேன். ஒரு கோடை விடுமுறையில், முடியின் உயரத்தைச் சேர்க்காமலே தலை தந்தத்தைத் தொட்டது. அம்மாவும் நானும் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தோம். தோள் கம்பிகள் இறங்கியதும்தான் தெரிந்தது, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாது. காதோரம் வரை தடித்த உறை, இரண்டு பேரும் நேரே முன்னால்தான் பார்க்க வேண்டும். ரயில் சங்கிலியில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கியது. அந்த ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். சங்கிலி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாலும் முன் பெட்டிக்காரர்கள் சிரித்துப் பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்டது.

பாதி ஏற்றத்தில் என் கம்பி லேசாக ஆடுவது தெரிந்தது. எல்லாக் கம்பியும் அந்த அளவுக்கு ஆடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? என்னுடையது மாட்டவில்லை, நான் விழப்போகிறேன் என்று முடிவு கட்டிவிட்டேன். "அம்மா, கம்பி ஆடுதுங்கம்மா" என்றேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். அழுதுகொண்டே கத்தினேன். உறைக்கு அந்தப்பக்கம் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன, அவை அசையவே இல்லை. முன் வரிசையிலிருந்த ஒரு பெண்தான் திரும்ப முடியாமல் திரும்பி, "யம்மா, ஒங்க பிள்ள கூப்பிடுது பாருங்க" என்றாள். தெற்கத்திப் பேச்சு, திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்தவர்களாக இருக்கும். அம்மா அதற்கும் அசையவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே எனக்கு, "ஒண்ணும் ஆவாதும்மா, கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்க" என்று தைரியம் சொன்னாள். அதற்குள் ரயில் உச்சிக்குப் போய்விட்டது. அப்புறம் நடந்தது எதுவும் எனக்கு நினைவில் இல்லை. விழவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இறங்கியதும் அம்மாவின் முகம் பூரித்திருந்தது. எப்படி இருந்தது என்று புருவத்தால் கேட்டாள். அந்தத் தெற்கத்திப் பெண் நேராக எங்களிடம் வந்து, "பிள்ள அந்தக் கத்து கத்துச்சே, ஒங்களுக்குக் கேக்கவே இல்லியாக்கும்" என்றாள். அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழகாத ஊர் வாய் அது. பிறகு மரியாதையாகத் தலையை ஆட்டி, "ஆமாங்க, ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை. பிறகு போய்விட்டாள். தண்ணீர்க் குழாயை நோக்கி அம்மா முன்னால் நடந்தாள். நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். அந்த இடத்தில் தறி இல்லை, கூட்டமும் இல்லை. "அம்மா" என்று சாதாரணமாகக் கூப்பிட்டேன். பிறகு உரக்கக் கூப்பிட்டேன். குழாயடியில் நின்ற நான்கைந்து அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் அம்மா திரும்பவில்லை.

எங்களுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று இப்போது கேட்டால் நான் என்ன சொல்வது? முதுகுப்புறம் கூப்பிட்டால் திரும்பாதது எங்கள் தெருவில் எல்லோருக்கும் பொது. உரக்கப் பேசுவதும் பொது, வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் பொது. காது கேட்கிறவர்களே செவிடர்களைப் போல வாழ்கிற ஒரு வீட்டில், ஒருத்திக்கு உண்மையாகவே காது போய்க்கொண்டிருந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? என் பள்ளியில் டீச்சர் ஒருமுறை, பெற்றோர்களிலேயே நாங்கள் பேசுவதை இவ்வளவு கவனமாகக் கேட்பவர் உன் அம்மாதான் என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நான் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்று அவள் முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. நிழலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் என்னை இழுத்து உட்காரவைத்து, தறிச்சத்தமே இல்லாத அந்த இடத்தில், உதட்டை மட்டும் அசைத்துப் பேசினாள். அப்பாவிடம் சொல்லக் கூடாது. குடோனில் தெரிந்தால் தறியிலிருந்து எடுத்து, தார்க் குச்சிகளில் நூல் சுற்ற மூலையில் உட்கார்த்திவிடுவார்கள். தறியின் சத்தம் மாறுவது கேட்காதவளை யார் தறியில் விடுவார்கள்? தனக்குச் சத்தம் தேவையில்லை, இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், தறி மக்கர் பண்ணினால் உள்ளங்காலில் தெரியும் என்றாள். மற்ற இடங்களில்தான் கஷ்டம். கடைக்குப் போனால், கல்யாண வீட்டுக்குப் போனால், யார் எந்தப் பக்கமிருந்து என்ன கேட்பார்களோ என்று எந்நேரமும் வாய்களையே தேடிக்கொண்டிருப்பது அலுத்துப்போகிறது. கடைசிப் பெட்டியில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட ஆளில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்த ரயில்ல ஏறுனா நானும் மத்தவங்களும் ஒண்ணுதான் கண்ணு" என்றாள். பிறகு என் தாடையைப் பிடித்து, நான் சொல்வது சரியாகத் தெரியும்படி என் வாயைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்: "அங்க யாருக்கும் யாரு பேசறதும் கேக்காதில்ல சாமி?"

அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு சொல்லும் கேட்டது என்று நான் சொல்லவில்லை. "ஆமாங்கம்மா. ஒரே சத்தம். யாருக்குமே ஒண்ணும் கேக்காது" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. மறுபடியும் வரிசைக்குப் போனாள். நான் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன, ஒரு தடவையிலேயே பயந்துவிட்டாயா என்று அவர் சிரித்தார்.

அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பக்கத்து இருக்கையில் நான்தான் போனேன். கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொள்வேன், பேச மாட்டேன். ரகசியத்தை நாங்கள் இருவரும் நன்றாகத்தான் காப்பாற்றினோம். நூல் விலையும் கூலித் தகராறும் சேர்ந்து குடோனை மூடிவிட்டு, தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டபோது, அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி "செக்கிங்" வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே இந்திக்காரப் பெண்களும் தெற்கத்திக்காரர்களும் சூப்பர்வைசரும் பேசிய எல்லா வாய்களையும் சில மாதங்களில் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அப்போதுதான் கொரோனா வந்தது. ஊரடங்கு முடிந்து கம்பெனி திறந்த முதல் நாளே வேலை நேரம் முடிவதற்கு முன்பே திரும்பி வந்து, பையைக்கூட இறக்காமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். "ஒருத்தருக்கும் வாயைக் காணமுங்க" என்று அவள் அப்பாவிடம் சொன்னபோதுதான் அவருக்கே எல்லாம் தெரிந்தது. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது என்பது அவருக்கு அன்றுதான் புரிந்தது.

இப்போது சாமளாபுரத்தில் எங்கள் பழைய சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் மற்ற நாளுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. பூங்காவில் அந்தத் தண்டவாளத்தையெல்லாம் பிரித்துவிட்டு, அந்த இடத்தில் குழந்தைகள் சறுக்கும் தண்ணீர்க் குளம் கட்டிவிட்டார்கள். அம்மா என்னோடு திருப்பூரில் இருக்கிறாள். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். காலம் கடந்து வைத்தால் இரைச்சல்தான் வரும், பேச்சு வராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அப்படித்தான் ஆயிற்று.

போன வாரம் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, என் பேச்சைக் கடைசியாக எப்போது கேட்டாள் என்று கேட்டேன். யோசித்தாள். எனக்கு முன்பல் விழுந்திருந்த சமயம் என்றாள். அப்படியானால் நீங்கள் என்னைக் கூட்டிப்போன எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் என் குரல் உங்களுக்குக் கேட்டதே இல்லையா என்று கேட்டேன். அதற்கு அவள், "இப்ப நீ பேசறதும் எனக்கு அந்தக் கொரல்லதான் கண்ணு கேக்குது. சன்னமா, கீச்சுனு இருக்கும்" என்றாள்.

என் குரல் இப்போது கட்டை. அப்படி ஒரு குரல் எனக்கு இருந்தது எனக்கே நினைவில்லை. அதைக் கேட்ட அப்பா போன வருடம் போய்விட்டார். அந்தக் காலத்தில் யாரும் எங்களைப் பதிவுசெய்து வைக்கவில்லை. அது இப்போது அம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது.