முசியேயின் துவக்குக்கு அம்மா தைத்த உறை

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தபோது கீழ்வீட்டில் வீட்டுக்காரர் இருந்தார். நெடுங்காலம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கியூபெக்காரர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் எங்கோ தூரத்தில். நாங்கள் அவரை முசியே, அதாவது ஐயா, என்றே கூப்பிட்டோம். மற்ற நாட்களில் குப்பை வாளியைத் தள்ளிக்கொண்டு போகும் சாதாரணக் கிழவர், கோடை காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கௌபோய் ஆகிவிடுவார். அகலத் தொப்பியும் கழுத்தில் சிவப்புத் துணியும் உயரமான சப்பாத்துமாகத் தன் பழைய வான் வண்டியில் நீளப் பெட்டிகளை ஏற்றுவதை நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. நகரத்துக்கு வடக்கே மலைப்பக்கமாக ஓர் இடத்தில் பலகைகளால் பொய்யாக ஒரு பட்டணம் கட்டி, அந்தக் காலத்து மாதிரியில் செய்த துவக்குகளால் இரும்புத் தகடுகளைச் சுட்டு விளையாடுவார்கள். யார் விரைவாகச் சுட்டு முடிக்கிறார் என்பதுதான் போட்டி. சேருகிற ஒவ்வொருவரும் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ள வேண்டும். முசியேயின் பெயரைத் தமிழில் சொன்னால் துருப்பிடித்த ஆணி என்று வரும். அப்பாவுக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. டோர்வலில், விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு வரும் நாட்களில், முசியே சம்மதித்தால் அந்தப் பெயரைத் தான் வாங்கிக்கொள்ளலாம் என்பார்.

ஒரு வசந்த காலத்தில் முசியே விரல்களில் பிளாஸ்டர் ஒட்டியபடி எங்கள் வெளிப்படியில் ஏறி வந்தார். அவருடைய ரைபிளின் அடியில் ஓர் இரும்பு வளையம் இருக்கிறதாம். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு விரல்களை அதற்குள் விட்டுக் கீழே தள்ளி மேலே இழுத்தால்தான் சுட்ட தோட்டாவின் வெறும் கோது வெளியே விழுந்து அடுத்த தோட்டா ஏறும். அவருக்கோ விரல் மூட்டுகள் எல்லாம் வீங்கியிருந்தன. ஒரு போட்டி முடிவதற்குள் விரல்களின் தோல் உரிந்துபோகிறது. அம்மா தோல் பை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்வது அவருக்குத் தெரியும். அந்த வளையத்துக்குத் தோல் சுற்றித் தர முடியுமா என்று கேட்டார்.

இவ்வளவையும் தமிழில் சொன்னது நான். அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. அப்பாவுக்கு வந்தாலும் அவர் எப்போதும் வேலையிலோ தூக்கத்திலோ இருப்பார். எனக்கு வந்தது பள்ளிக்கூடப் பிரெஞ்சு, முசியே பேசியது பஸ் ஓட்டிய பிரெஞ்சு. நடுவில் தமிழ் வேறு. ஆகவே பேச்சு மெதுவாகத்தான் நடக்கும்.

அம்மா கைகளைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"செய்து தாறன் எண்டு சொல்லு. ஆனா துவக்கு இந்தப் படியாலை மேலை வரக்கூடாது. அந்த வளையத்தை மட்டும் கழட்டிக் கொண்டு வரட்டும்."

நான் சொன்னேன். முசியே ஏன் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பாதான், "இஞ்சரும், அந்தாள் விளையாட்டுக்கெல்லோ வச்சிருக்கிறார்" என்றார். விளையாட்டுக்குத்தான் என்று தனக்கும் தெரியும் என்றார் அம்மா. அத்துடன் அந்தக் கதை முடிந்தது.

மறுநாள் அந்த இரும்பு வளையம் ஒரு குளியல் துவாயில் சுற்றி வந்தது. தொழிற்சாலையில் பகல் முழுவதும் தோலுடன் மாரடித்துவிட்டு வந்த அம்மா, பின்னேரம் சமையலை முடித்துவிட்டு மறுபடியும் தோலுடன் உட்கார்ந்தார். முதலில் சுற்றியது தடிப்பாகிவிட்டது. முசியேயின் வீங்கிய விரல்கள் உள்ளே போகவில்லை. அவிழ்த்து எறிந்துவிட்டு, மெல்லிய மான்தோல் வாரை நனைத்து, ஒவ்வொரு சுற்றையும் பல்லால் பிடித்து இழுத்து இறுக்கினார். காய்ந்ததும் அது சுருங்கி இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டது. முசியே அதைக் கையில் மாட்டிக்கொண்டு எங்கள் படியிலேயே நின்று மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். பிறகு மேப்பிள் மரத்து இனிப்புப் பாணிப் போத்தல் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கோடை முழுவதும் கீழ்வீட்டில் துவக்குத் திருத்தம் நடந்தது. உள்ளே இருந்த விறைத்த ஸ்பிரிங்கை மாற்றி இலகுவானதைப் போட்டார். குறி பார்க்கும் நுனியில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி ஒரு சிறிய பித்தளை மணியைப் பொருத்தினார். எல்லாவற்றையும் எனக்கு விளக்குவார், நான் அம்மாவுக்குச் சொல்வேன், அம்மா "ம்" என்பார். ஆவணி மாதமளவில், தோளில் வைத்துச் சுடும் மரக்கட்டைக்கு மெத்தை வைத்த தோல் உறை வேண்டும் என்றார். சுடும்போது துவக்கின் உதைப்பு அவருடைய தோளையும் நோகச் செய்யத் தொடங்கியிருந்தது. அதற்கும் மரக்கட்டை மட்டும்தான் மேலே வந்தது. அம்மா அதைக் கடதாசியில் வைத்து அளவு கீறி, அதன்படி தோலை வெட்டி, உறை தைத்து, பக்கத்தில் துளையிட்டு வார் கோத்துக் கொடுத்தார். அளவு கச்சிதமாக இருந்தது.

சிக்கல் கடைசிப் போட்டிக்கு முதல்நாள் வந்தது. வார் தளர்ந்து உறை சுழல்கிறதாம். கட்டையைத் துவக்கில் பூட்டிய பிறகுதான் இறுக்க வேண்டும். அதை இழுத்து இறுக்க அவருடைய விரல்களில் பலம் இல்லை. அந்த வருடத்தோடு போட்டிகளை விட்டுவிடப் போவதாகவும் சொன்னார். துவக்கை மேலே கொண்டுவர மாட்டேன், கட்டையை மறுநாள் போட்டி நடக்கும் இடத்தில்தான் பூட்டுவேன், மதாம் அங்கே வர முடியுமா என்று அம்மாவைக் கேட்டார்.

இந்த இடத்தில், அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவர் ஊரில் சண்டைக் காலத்தில் செத்துப்போனார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒருநாள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அம்மா, நான் எதுவும் கேட்காமலே மீதியைச் சொன்னார். மாமாவைச் சண்டையில் யாரும் சுடவில்லை. கூடப் படித்த பெடியன் ஒருவன் துவக்கோடு வீட்டுக்கு வந்திருக்கிறான். காட்டத்தான் கொண்டுவந்தான். உள்ளே ஒன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம். அம்மா அப்போது இருவருக்கும் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு முன்னறைக்குள் வந்துகொண்டிருந்தார். வெடித்த பிறகு அந்தப் பெடியன் நிலத்தில் விழுந்து, இல்லை எண்டுதான் நினைச்சனான், இல்லை எண்டுதான் நினைச்சனான் என்று கத்தினானாம். பொய் சொல்லவில்லை அவன். அதுதான் தன்னால் தாங்க முடியாதது என்றார் அம்மா.

அம்மா வரச் சம்மதித்ததும், இது எதுவும் தெரியாமல், மறுநாள் வான் வண்டியில் போகக் கிடைத்த சந்தோஷத்தில் நான் முசியேக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தேன். அம்மா பின்னால் இருந்தார். ஞாயிறும் அப்பாவுக்கு வேலை.

அந்தப் பட்டணத்தில் ஒரு வங்கி, ஒரு சாராயக் கடை, ஒரு சிறைச்சாலை இருந்தன. எல்லாவற்றுக்கும் முகம் மட்டும்தான். பின்னால் போனால் வெறும் முட்டுக்கட்டைகள். தொப்பி போட்ட தாத்தாமார் எங்களுக்கு போஞ்சூர் என்று வணக்கம் சொன்னார்கள். சீலை உடுத்து, மேலே அப்பாவின் கம்பளிச் சட்டை போட்டிருந்த அம்மாவை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. அங்கே எல்லோருமே வேடத்தில்தான் இருந்தார்கள்.

முசியே பெட்டியைத் திறந்து துவக்கை வெளியே எடுத்தார். அம்மா ஓரடி பின்னால் போனார். துவக்குக்குள் ரவை இருக்கோ என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். முசியே இல்லை என்று வாயால் சொல்லவில்லை. வளையத்தைத் தள்ளித் துவக்கின் வாயைத் திறந்து, தன் சுண்டுவிரலை உள்ளே விட்டுக் காட்டினார். பிறகு விரலை எடுத்துவிட்டு, திறந்திருந்த பக்கத்தை அம்மாவுக்குக் காட்டினார். அம்மா குனிந்து பார்த்தார். தன் விரலையும் உள்ளே விட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் மேசையில் வைக்கச் சொல்லி, வாரை இழுத்து இறுக்கத் தொடங்கினார். முழங்காலை மேசைக் காலில் முட்டுக்கொடுத்து இழுத்தார். இரண்டு தரம் வார் கையிலிருந்து நழுவியது. தோல் விறைப்பு, அதுதான் என்று நினைத்தேன்.

போட்டி தொடங்கியதும் எங்கள் இருவருக்கும் காது மூடிகள் தந்தார்கள். தகடுகள் டங் டங் என்று அடிபடுவதையும் முசியே வளையத்தை ஆட்டும் வேகத்தையும் பார்க்க எனக்கு இரண்டு கண் போதவில்லை. அம்மாவுக்குக் காட்டலாம் என்று திரும்பினால் அவர் அங்கே இல்லை.

பக்கத்தில் தள்ளி ஒரு நீள மேசை இருந்தது. சுட்டு முடித்தவர்கள் நேராக அங்கே போக வேண்டும். ஒவ்வொரு துவக்காகத் திறந்து, அங்கே நிற்கும் ஒருவரிடம் காட்ட வேண்டும். அவர் குனிந்து உள்ளே பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்தது. உலகத்திலேயே சலிப்பான வேலை. அம்மா அந்த மேசைக்கு முன்னால், கயிற்றுக்கு இப்பால் நின்றுகொண்டிருந்தார். நான் சீலையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. காது மூடியைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினேன், அதையும் கவனிக்கவில்லை.

முசியே தன் முறை முடிந்து வந்து தானும் காட்டினார். அங்கே நின்ற பெண் அவருடைய நெடுநாள் சிநேகிதி. அப்படியிருந்தும் குனிந்து பார்த்த பிறகே அவரைப் போகவிட்டார். அப்போதுதான் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் காட்ட வேணுமோ எண்டு கேள்."

எல்லோரும்தான், முப்பது வருடம் சுட்டவர்களும்தான் என்றார் முசியே.

"தெரிஞ்ச ஆக்கள், உள்ளை ஒண்டும் இல்லை எண்டு சொன்னா?"

நான் அதை மொழிபெயர்த்ததும் முசியே தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். நாங்கள் யாரிடமும் கேட்பதில்லை, பார்ப்போம், அவ்வளவுதான் என்றார். நான் அம்மாவுக்குச் சொன்னேன்: "ஆரையும் கேக்கிறேல்லையாம், அம்மா. பாக்கிறதாம்."

அம்மா பழையபடி மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசி ஆள் கடைசித் துவக்கைக் காட்டி முடிக்கும்வரை நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் உட்கார மரவாங்கு சும்மா கிடக்க, யாராவது இப்படி நிற்பார்களா?

முசியே வெல்லவில்லை, கடைசியாகவும் வரவில்லை. திரும்பி வரும்போது, பிடித்திருந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். "களைச்சுப் போனன், பிள்ளை" என்றார். வீட்டுக்கு வந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் போய்ப் படுத்துவிட்டார்.

அப்பா அப்போதுதான் வேலையால் வந்து, கால்களைக் கதிரையில் நீட்டி வைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன மாதிரி என்று கேட்டார். அம்மாவுக்குத் துப்புரவாகப் பிடிக்கவில்லை என்றேன். ஒரு வெடியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சுட்டு முடித்தவர்கள் துவக்கைத் திறந்து காட்டும் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றா என்று, நடித்தும் காட்டினேன்.

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் நின்றவ என்று கேட்டார். முடியுமட்டும் என்றேன். அவர் எழும்பிக் கையைக் கழுவினார். அரைத் தட்டுச் சோறு அப்படியே இருந்தது. வேறு நாள் என்றால் அந்த நேரத்தில் என்னைத் தொலைக்காட்சிப் பக்கம் விடமாட்டார். அன்றைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டு, அம்மா படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். என்னுடைய நடிப்பு அப்பாவுக்குப் பிடித்துவிட்டது, அதற்குத்தான் இந்தச் சலுகை என்று எண்ணிக்கொண்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.