ஒருத்தி வேண்டாம் என்றால்

புயல் ஓய்ந்து வெயில் அடித்த ஒரு பிப்ரவரி ஞாயிறன்று, லாய்ட் தன் வண்டியில் ஏறித் தனியாகப் போய்விட்டான். காலையில் அதே வண்டியில்தான் மார்லீனை மலையடிவாரத்துக்கு அழைத்து வந்திருந்தான். பனிச்சறுக்குப் பலகைகளைத் தோளில் சாய்த்தபடி அவள் வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்லீன், நெல்சன் என்ற மலையூரில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். ஞாயிறானால் அவளும் நண்பர்கள் லாய்டும் பெட்ராவும் மலையேறிப் பனியில் சறுக்கி இறங்குவார்கள். அங்கே மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் கிடையாது, பனி சரியுமா என்று பார்த்துச் சொல்லும் காவலும் கிடையாது. அதனால் லாய்டே ஒரு வழக்கம் வைத்திருந்தான்: மூவரில் ஒருவர் வேண்டாம் என்றால் மூவரும் திரும்ப வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. சுமாரான நாட்களில் அது சுலபமாக நடந்தது.

அன்று காலை மேலேறி மரங்களைத் தாண்டியதும் பெரிய சரிவு, யாரும் சறுக்கிய கோடுகூட விழாமல் கிடந்தது. வாரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள். பனி தாங்குமா என்று மார்லீன் ஓரமாகக் குழி தோண்டிப் பார்த்தாள். புதுப்பனிக்குக் கீழே சர்க்கரை மாதிரி உதிரும் ஒரு படலம். தட்டிப் பார்த்தபோது மேலே இருந்த பாளம் வழுக்கியது, ஆனால் உடனே இல்லை. சரியும் என்றும் சொல்லலாம், சரியாது என்றும் சொல்லலாம். அந்த நேரம் பார்த்து வேறொரு குழு, நான்கு பேர், கூவிக்கொண்டே அதில் இறங்கிப் போனார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"நாலு பேர் போயிட்டாங்க, பாத்தேல்ல?" என்றான் லாய்ட்.

"பாத்தேன். எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டான். பெட்ரா குனிந்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த பூட்ஸை மறுபடி இறுக்கினாள்.

"பஸ்காரி புத்தி," என்றான் லாய்ட். "ரயிலே வராத தண்டவாளத்துலயும் நிறுத்தி, கதவத் தொறந்து காது குடுத்துட்டுத்தான் போவ." பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்களுக்கு அங்கே அதுதான் சட்டம்.

பலவீனமான இடம் அந்த நான்கு பேரின் காலடியில் படவில்லை, அவ்வளவுதான் என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் விவாதம் ஆகிவிடும். விவாதத்தில் எப்போதும் லாய்ட்தான் ஜெயிப்பான். பலகைகளை மரங்கள் பக்கம் திருப்பினாள். மூவரும் மரங்களுக்குள்ளாகவே இறங்கினார்கள்.

பெட்ராதான் அவளை வீட்டில் கொண்டுவிட்டாள். அடுத்த ஞாயிறு லாய்ட் வேறு கூட்டாளிகளைப் பிடித்துக்கொண்டான்.

பேருந்து போகும் வழியில் ஒரு வளைவிலிருந்து அந்தச் சரிவு தெரியும். தினமும் காலையில் அதில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். விழுந்திருந்தால் தான் சொன்னது சரி என்று ஆகுமே என்று மனம் ஏங்கும். விழும்போது யாராவது அதில் நின்றால்? அந்த நினைப்புக்காகத் தன்மீதே அவளுக்கு வெறுப்பு வந்தது. ஏப்ரல்வரை ஒன்றும் விழவில்லை. அன்று தடுத்தது அறிவா, வெறும் பயமா என்று மலை சொல்லப்போவதில்லை. அது தெரியாமலேதான் அடுத்த முறையும் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். இதை ஏற்றுக்கொள்ள இன்னொரு குளிர்காலம் பிடித்தது.

வருஷங்கள் போயின. ஒரு ஞாயிறு மத்தியானம், முட்டைக்கோஸ் சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது லாய்டிடமிருந்து செய்தி வந்தது.

"இன்னிக்கு நான் வேண்டாம்னுட்டேன். எல்லாரும் திரும்பிட்டோம். மலை அப்படியேதான் நிக்குது. ரெண்டு பேர் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. நீ அன்னிக்கு எப்படித் தாங்கின, மார்லீன்?"