நடுச்சுவரின் சூடு

குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது என்று சொல்லிக்கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சூடு இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் போகும். போய்ச் சேர்ந்த இடம் சூடாகும், விட்ட இடம் ஆறும். ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகள் இதை ஒரே பாடவேளையில் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் புரிய ஐம்பத்திரண்டு வயது ஆயிற்று.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளில் கடைசிக் காம்பரா என்னுடையது. பதுளையில் பள்ளிக்கூடம். விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் மணியடிப்பதற்குள் போய்ச் சேரலாம். டவுனில் வாடகைக்கு வீடு பார்த்தபோதெல்லாம் என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "இங்க கூப்புட்ட கொரலுக்கு நாலு பேரு இருக்காங்க. அங்க யாரு இருக்கா?" என்பாள். அவள் இறந்துபோய் மூன்று வருடமாகிறது. மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். மற்ற ஆறு நாளும் பேச வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்தில்தான் பேச வேண்டும்.

பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா தனியாக இருந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன், அவனும் கொழும்பில் ஒரு கடையில். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே சுவர். லயத்துச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அந்த வழியாக அவருடைய பேச்சு வரும், கருவாடு பொரிக்கிற வாசம் வரும், எல்லாவற்றுக்கும் முன்னால் புகை வரும். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியை மிலாறு என்போம். பச்சை வாடை போகாத மிலாறு என்றால் கண்ணைத் திறக்க முடியாது.

கண் எரிச்சல்கூட எனக்குப் பெரிதில்லை. என் சட்டைதான் பிரச்சினை. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் வெள்ளைச் சட்டையில் புகை வாசம் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் ஆசிரியர் அறையில் புதிதாக வந்த ஒருவர் மூக்கைச் சுருக்கி, "எங்கயோ என்னமோ கருகுதே" என்றார். கருகியது நான்தான். லயத்தில் பிறந்து படித்து உத்தியோகம் பார்ப்பவனுக்கு இதைவிட வெட்கம் வேறில்லை. சின்ன வயதில் டவுன் பிள்ளைகள் எங்களை அந்த வாசத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பார்கள். இத்தனை வருடம் கழித்தும் அது என்னை விடவில்லையே என்று அழாத குறை.

அன்று சாயங்காலம் அக்காவின் மகனுக்குப் போன் எடுத்தேன். சட்டையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. "அம்மா ராப்பகலா இருமுறாங்க தம்பி. பொக நெஞ்சுல ஏறிட்டா பொறகு கஷ்டம். ஒரு கேஸ் அடுப்பு வாங்கிக் குடுத்திருங்க" என்றேன். அக்கா இருமியதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. விஞ்ஞான ஆசிரியர் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்?

அடுத்த லீவில் கேஸ் அடுப்போடு வந்தான். அம்மா பழையபடி விறகுக்குப் போய்விடக் கூடாதென்று மண் அடுப்பை மண்வெட்டியால் கொத்தி வெளியே போட்டான். நான் வாசல் இஸ்தோப்பில் நின்று, "நல்ல வேல செஞ்சீங்க தம்பி" என்று பாராட்டினேன். அக்கா உடைந்த மண்கட்டிகளைப் பொறுக்கி ஓரமாகக் குவித்தார்.

ஒரு வாரம் சட்டையில் சவர்க்காரம் மட்டும் மணத்தது. அந்த ஒரு வாரமும் எனக்குத் தூக்கம் இல்லை. மனைவி போனபிறகு அவள் படுத்திருந்த இடத்தில்தான், நடுச்சுவரை ஒட்டிப் படுத்துவருகிறேன். அந்த இடத்தில் முதுகுக்கு ஒரு வெதுவெதுப்பு இருக்கும். அவள் படுத்த இடம், அப்படித்தான் இருக்கும் என்று பைத்தியக்காரன் மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன். மார்கழிப் பனியில்கூட இரண்டாவது கம்பளி தேவைப்பட்டதில்லை. இப்போது அந்தச் சுவர் பச்சைத் தண்ணீராகக் கிடந்தது. ஆய்வுகூடத்திலிருந்து ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டிப் பார்த்தேன். வெளிச்சுவருக்கும் நடுச்சுவருக்கும் ஒரு பாகைகூட வித்தியாசமில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அதையே பார்த்தேன். அவள் இரண்டாம் தடவை போனதுபோல் இருந்தது.

அடுப்பைத் திரும்பப் போடச் சொல்லலாமா என்று யோசித்தேன். எந்த முகத்தோடு கேட்பது? அப்படியே இரண்டு மாதம் ஓடியது. தீபாவளிக்கு வந்த மகன், அம்மாவைக் கையோடு கொழும்புக்குக் கூட்டிப் போகிறேன் என்றான். "நீங்க சொன்னதுலருந்து எனக்குப் பயமா இருக்கு மாஸ்டர். நெஞ்சு வருத்தக்காரிய எப்புடித் தனியா வுடுறது?" பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு இறங்கிவிட்டான்.

அக்கா கதவைப் பூட்டித் திறப்பை என்னிடம் தர வந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, என் கட்டில் எங்கே கிடக்கிறது என்று கவனித்தார்.

"இனிமே சொவர ஒட்டிப் படுக்காதீங்க மாஸ்டர். பனி ஏறும்."

சுவரின் சூடு இவருக்கு எப்படித் தெரியும்? அவரே சொன்னார்.

"என் அடுப்பு முன்னுக்கு அந்தப் பக்க மூலைலதான் இருந்திச்சு. ஒங்க வீட்டுத் தங்கச்சிதான் கேட்டுச்சு. மழைல கொழுந்து மலைக்குப் போயிப் போயி இடுப்பு நோவு அதுக்கு. இந்தச் சொவத்தோட அடுப்பப் போட்டா முதுகுக்கு எதமா இருக்கும் அக்கான்னிச்சு. போட்டுக் குடுத்தேன். ராவைக்கு ஒரு கட்டைய உள்ள தள்ளிச் சாம்பலால மூடிட்டா விடிய விடிய தணல் இருக்கும்."

"அவ எங்கிட்டச் சொல்லவே இல்லியே அக்கா."

"மாஸ்டருக்குச் சட்டைதான் முக்கியம், சொன்னா அடுப்ப மாத்தச் சொல்லிருவாருன்னு சிரிக்கும். அது போன பொறகு எதுக்குக் கட்டைன்னு வுட்டுறத்தான் பாத்தேன். ஒரு நா கட்டிலு சொவத்துல இடிக்கிற சத்தம் கேட்டுச்சு. சரி, அது படுத்த எடத்துல படுத்திருக்காரு, கெடக்கட்டும்னு போட்டுக்கிட்டே இருந்தேன்."

கீழேயிருந்து மகன் கூப்பிட்டான். அக்கா போய்விட்டார். மூன்று வருடமாக ஒவ்வொரு இரவும் ஒருவர் எனக்காக ஒரு கட்டையை எரித்திருக்கிறார். நான் அந்தப் புகையைத் திட்டிக்கொண்டே அந்தச் சூட்டில் தூங்கியிருக்கிறேன். வெட்கமும் துக்கமுமாக அங்கேயே நின்றேன்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பக்கத்துக் காம்பராவில் எலி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு சனிக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு மகனுக்குப் போன் எடுத்தேன். இருமல் நான் கட்டிவிட்ட கதை, என் சட்டைக்காகச் சொன்னது, அம்மா வர விரும்பினால் என் கையாலேயே அடுப்பைப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லத்தான் எடுத்தேன்.

"நானே எடுக்கணும்னு இருந்தேன் மாஸ்டர்" என்று அவன் முந்திக்கொண்டான். "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. பொகதான் காரணம். இங்க வந்து ஒரு மாசமாச்சு, அம்மா ஒரு தடவகூட இருமல."

ரிசீவரில் கொழும்பு வாகனச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் அக்காவின் குரல் ஏதோ கேட்டது.

"அம்மா கேக்குறாங்க மாஸ்டர். அங்க குளிரு எப்புடின்னு."

நடுச்சுவரில் கையை வைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

"குளிரு ஒன்னும் இல்லன்னு சொல்லுங்க தம்பி" என்றேன்.