மேப்பில் மலை தட்டையாக இருக்கிறது

“மலைமேல பந்தை வெச்சா நிக்குமா கண்ணு?”

போன மாதம் ஹாக்கி லீக் செக்ரட்டரி என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கமிட்டி முழுக்கச் சிரித்தது. முள்ளுக்குறிச்சிப் பள்ளிக்கூடத்துக் கூரையில் இருந்த புறாக்கள்கூட எழுந்து பறந்துவிட்டன. அவ்வளவு சிரிப்பு!

நான் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. “எங்கள் டீமுக்கு எங்கள் ஊரிலேயே மேட்ச் ஏன் இல்லை?” என்றேன். அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்கிற ஊர்க்காரி, அங்கேயே டீச்சர். எங்கள் வம்சத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. என் அண்ணன் மண்வெட்டி பிடிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஹாக்கி மட்டை. மலை டீமுக்கு அவன்தான் கேப்டன்.

லீக்கில் ஆறு டீம். மலையில் ஒன்று, அடிவாரத்தைச் சுற்றி ஐந்து. ஒவ்வொரு டீமும் மற்ற ஐந்தோடும் இரண்டு முறை ஆட வேண்டும் — ஒன்று சொந்த மைதானத்தில், ஒன்று அவர்கள் மைதானத்தில். பத்து ஞாயிறு, பத்து மேட்ச். இரண்டு வருஷம் தொடர்ந்து கடைசியாக வருகிற டீமுக்கு லீக்கில் இடம் கிடையாது.

போன வருஷம் நாங்கள்தான் கடைசி. இந்த வருஷமும் அப்படியே என்றால், அண்ணனும் பத்துப் பேரும் மட்டையை அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

இந்த வருஷத்து அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. சிவப்பு மை, நீல மை. எங்கள் ‘சொந்த மைதானம்’ என்ற இடத்தில் என்ன போட்டிருந்தது தெரியுமா? முள்ளுக்குறிச்சி!

முள்ளுக்குறிச்சி மலையின் காலடியில் இருக்கிறது. அந்த ஊருக்கே தனியாக ஒரு டீம் இருக்கிறது. ஆகவே அவர்களோடு எங்கள் சொந்த மைதானத்தில் ஆடினாலும் முள்ளுக்குறிச்சி; அவர்கள் சொந்த மைதானத்தில் ஆடினாலும் முள்ளுக்குறிச்சி. விருந்தாளி கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் வந்து இறங்கி, நிழலில் சோடா குடித்துக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் விடியுமுன் கிளம்பி, மலையிறங்கி, முட்டி நடுங்க வந்து சேருவார் — தன் சொந்த வீட்டுக்கு!

இதற்கடுத்த ஞாயிறு புளியஞ்சோலை. அது மலைக்கு அந்தப் பக்கம். அதற்கடுத்த ஞாயிறு மறுபடி இந்தப் பக்கம்.

“இது நியாயமா?” என்றேன்.

செக்ரட்டரி கெட்டவர் இல்லை. ஆனால் ஸ்கேலை நம்புகிறவர். மேப்பை மேஜையில் விரித்தார். ஊருக்கு ஊர் ஸ்கேல் வைத்து அளந்து காட்டினார். ஆறு டீமும் பத்து வாரத்தில் போய்வருகிற மைல்களைக் கூட்டி வைத்திருந்தார். வித்தியாசம் நாலு மைல்கூட இல்லை.

“பாத்தீங்களா? எல்லாத்துக்கும் சமம்!” என்றார். “உங்கூரு டீமுக்கு முள்ளுக்குறிச்சி கட்டை விரல் நீளங்கூட இல்லீங்க.”

“விரலால் நடப்பதென்றால் சரிங்க” என்றேன். அப்போதுதான் அந்தப் பந்துக் கேள்வி வந்தது. புறாக்கள் பறந்தன.

மலையில் நாங்கள் மைல் கணக்கில் பேசுவதே இல்லை. தலைச்சுமையோடு போகிறவர், சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற இடம் வரைக்கும் ஓர் இளைப்பு. முள்ளுக்குறிச்சிக்கு இறங்க நாலு இளைப்பு. ஏறத்தான் பதினொன்று. ஒரே பாதை, ஒரே மேப், ஒரே கட்டை விரல்... ஆனால் போகும்போது நாலு, வரும்போது பதினொன்று! இதை எந்த ஸ்கேல் சொல்லும்?

வீட்டுக்கு வந்ததும் நானே அட்டவணை போட உட்கார்ந்தேன். தரையில் விதைகளை வைத்தேன். எங்கள் டீமுக்கு மிளகு. மற்ற ஐவருக்கும் அவரை, துவரை, ஆமணக்கு, புளியங்கொட்டை, பலாக்கொட்டை. மூன்று மூன்றாக எதிரெதிரே இரண்டு வரிசை. மிளகை அசையாமல் வைத்துக்கொண்டு, மற்ற ஐந்தையும் வாரத்துக்கு ஓர் இடமாக வட்டத்தில் நகர்த்தினேன். ஐந்தே வாரத்தில் எல்லாரும் எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டார்கள்! மிச்ச ஐந்து வாரம் மைதானத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

அந்த மகிழ்ச்சியில் ஒரு தப்பும் செய்தேன். பலாக்கொட்டை, செக்ரட்டரி ஊர் டீம். அவர்கள் மலையேறுகிற வாரத்தை நல்ல மழைக்காலமாகப் பார்த்துப் போட்டேன். ஏறிய களைப்பு தீருமுன் அடுத்த ஞாயிறே அவர்களை ஆகத் தூரமான ஊருக்கு அனுப்பினேன். அட்டைக் கடியும் உண்டு என்று எண்ணி எண்ணிச் சிரித்தேன்.

அண்ணனுக்கு எழுத்து தெரியாது. கொட்டைகளைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

“ஏம்மிணி, இந்தப் பலாக்கொட்ட மட்டும் ஏன் இந்த அலை அலையுது?”

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

“அவிங்க நமக்குச் செஞ்சதை நாம அவிங்களுக்குச் செய்யறதுக்குப் படிப்பு எதுக்கு? அதை நானே செய்வனே!”

சுருக்கென்றது. கொட்டைகளைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இப்போது ஒவ்வொரு டீமும் ஒரே ஒரு முறை மலையேறும். ஏறிய டீமுக்கு அடுத்த ஞாயிறு சொந்த மைதானம். எங்களுக்கு ஒரு வாரம் மலை, ஒரு வாரம் கீழே. யாருக்கும் சலுகை இல்லை, பலாக்கொட்டைக்கும் தண்டனை இல்லை.

அதே நாட்களில் அண்ணனும் பத்துப் பேரும் சாமை அறுத்த காட்டில் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டினார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் நடுவில் ஒரு பந்தை வைத்தார்கள். முதல் நாள் அது உருண்டு ஓடைக்கே போய்விட்டது. மூன்றாம் வாரம் வைத்த இடத்தில் நின்றது.

போன ஞாயிறு கமிட்டி கூடியது. என் அட்டவணையை மேஜைமேல் வைத்தேன்.

செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டீச்சரம்மா கெட்டிக்காரிதானுங்க. ஆனா இதென்னங்க, மைலையே காணோம்? இளைப்பு இளைப்புன்னு போட்டிருக்குது?”

நான் பதில் சொல்லுமுன் முள்ளுக்குறிச்சி டீம் கேப்டன் எழுந்துவிட்டார். பேச்சில் சோடா உடைப்பது மாதிரி சத்தம் வரும் மனிதர்.

“ஏனுங்க, பலாப்பழம் வாங்க நான் அங்க ஏறியிருக்கறேனுங்க. வெறுங்கையோட ஏறுனதுக்கே மறு நாளு ஊட்டுல எந்திரிக்க முடியலீங்க. இவிங்க எறங்கி வந்து மேட்ச் ஆடிட்டு, திரும்ப ஏறிப் போறாங்க. போன வருசம் இவிங்களை நாங்க செயிச்சோம்னு வெளிய சொல்லவே எனக்கு வெக்கமா இருக்குதுங்க!”

நாலு கேப்டன்கள் கை தூக்கினார்கள். ஐந்தாவது என் அண்ணன். அவன் இரண்டு கையும் தூக்கினான். செக்ரட்டரி ஊர்க் கேப்டன் மட்டும் கூரையைப் பார்த்தார். அங்கே புறாக்கள்.

செக்ரட்டரி தோற்றுப்போனார் என்றா நினைக்கிறீர்கள்? ஸ்கேல் வைத்திருப்பவர்கள் அவ்வளவு சீக்கிரம் தோற்பதில்லை.

“கை தூக்கினது சரிங்க. ஆனா மைதானத்தை செக்ரட்டரி நேர்ல பாத்து ஒப்புக்கணும்னு ரூல் இருக்குது. நான் பாக்கற வரைக்கும் பழைய அட்டவணைதான்” என்றார். “எனக்கு எப்போ தோதுப்படுதோ, அப்போ வாரேன்.”

எப்போது தோதுப்படும்? சீசன் முடிந்த பிறகுதானே!

அண்ணன் அன்று மலையேறும்போது பதினொரு இளைப்பிலும் உட்காராமல் நடந்தான்.

எனக்கு ஒன்று புரிந்தது. நடக்காதவர்கள் போடுகிற கணக்கில் எல்லாரும் எப்போதும் சமம்தான். அவர்களோடு கணக்கில் வாதாடிப் பயனில்லை. நடக்க வைக்க வேண்டும்.

முதல் மேட்சுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. திங்கட்கிழமையே நாலு கேப்டன்களுக்கும் கடிதம் போட்டேன் — வருகிற சனிக்கிழமை செக்ரட்டரியை அவர் வீட்டிலிருந்தே கூட்டிக்கொண்டு மலைக்கு வரும்படி. முள்ளுக்குறிச்சிக்காரர் தாம் முன்னே நடப்பதாக இன்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். செக்ரட்டரிக்குத் தனியாக ஒரு பொட்டலம் தபாலில் போயிருக்கிறது. உள்ளே அண்ணனின் பழைய ஹாக்கி மட்டை. ஏறும்போது ஊன்றிக்கொள்ளலாம். இளைப்புகளை எண்ணிக்கொண்டு வரும்படியும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்.

மைதானத்தின் நடுவில் பந்து காத்திருக்கும். அது நிற்கும். அவர் நிற்பாரா என்பதுதான் இப்போது என் சந்தேகம்!