மூன்று ரங்கத்துக்கும் ஒரே கார்

எங்கள் வீட்டில் ரயிலைத் தவிர வேறெதையும் யாரும் வாகனமாக மதித்ததில்லை. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கையில் பாஸ் இருக்கும்போது வேறு வழியில் ஊருக்குப் போவது அவருக்கு ஏதோ துரோகம் மாதிரி. உள்ளூருக்கு ஜட்கா, டவுன் பஸ், வெளியூருக்கு ரயில். காரில் ஏறி உட்கார்ந்தவர் என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டு வாசலில், ஸ்ரீரங்கம் உத்தர வீதியில், சித்தப்பா ஒரு நாள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. மருந்து விற்கும் வேலை, கல்யாணம் ஆகவில்லை, திருச்சி கன்டோன்மென்டில் ஜாகை. யாரோ டாக்டர் ஓட்டித் தீர்த்த கார் அது. சின்னது. முன்னால் தனித்தனியாக இரண்டு சீட், பின்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். எனக்குப் பத்து வயது. அந்த வீதியிலேயே நான்தான் ராணி என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

"லீவு விடட்டும், எல்லாரையும் ஏத்திண்டு போறேன். மன்னி, எங்க போகணும் சொல்லுங்கோ" என்றார் சித்தப்பா. காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பது போல ஒரு மரியாதைக்குக் கேட்டதுதான். உள்ளேயிருந்து அம்மா கண்ணிமைக்கிற நேரம்கூட யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"காவேரி பொறக்கற எடத்துக்கு."

அது நல்ல கோடை. காவிரி கரைக்குக் கரை மணலாகக் கிடந்தது. நடுவில் வாய்க்கால் அளவுக்கு ஓடியதில்தான் எல்லோரும் குளித்தோம். "இங்க தண்ணி இல்லேன்னா வேற எங்கேயோ இருந்தாகணுமே? அதைப் பாத்துட்டு வரலாம்" என்றாள் அம்மா. மைசூருக்கு ரயில் இருக்கிறது, பாஸும் இருக்கிறது என்று அப்பா ஆரம்பித்தார். "ரயில் எல்லா ஊருக்கும் கொல்லைப்பக்கமாப் போறதே. நேக்கு வாசல் பக்கமாப் போகணும்" என்று முடித்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் அப்பா சம்மதித்தால் போதாது, அத்தை சம்மதிக்க வேண்டும். அப்பாவின் அக்கா. மடி ஆசாரத்தில் அத்தை வைத்ததுதான் சட்டம். ஆனால் அத்தையை மடக்க அம்மாவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. "அக்கா, நம்ம ஊர் கடைசி ரங்கம்னா சிவசமுத்திரம் நடு ரங்கம், ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதி ரங்கம். காவேரியோடயே போனா மூணு பெருமாளையும் சேவிச்சுடலாம்." அத்தை கண்ணை மூடிக் கைகூப்பினாள். காரியம் முடிந்தது.

அன்றிலிருந்து சமையலறைதான் நாங்கள் திட்டம் போடும் கச்சேரி. என் பள்ளிக்கூட அட்லஸில் காவிரி கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அது அம்மாவுக்குப் போதவில்லை. கரித்துண்டால் தரையில் பெரிதாக ஆற்றை இழுத்து, தங்கும் ஊருக்கெல்லாம் ஒரு புளியங்கொட்டை வைத்தாள். குளித்தலை, கரூர், ஈரோடு, சத்தியமங்கலம். திம்பம் மலைக்கு மட்டும் ஒரு கொட்டைப்பாக்கு. அதைத் தாண்டி சிவசமுத்திரம், ஸ்ரீரங்கப்பட்டணம், மடிக்கேரி, தலைக்காவிரி. அப்படியே மலையிறங்கி மேற்குக் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்புவது.

வழி கேட்க அம்மா எங்கும் போகவில்லை. கன்னட தேசத்து யாத்ரீகர்கள் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குக் குளிக்க வருவார்கள். விடியற்காலையில் ஈரப் புடவையோடு படித்துறையில் நின்று ஒருவர் விடாமல் பிடித்துக்கொள்வாள். அவர்கள் கன்னடம், இவள் தமிழ், நடுவில் கை. அருவி ரோட்டிலிருந்தே தெரியுமா, மலையில் எத்தனை வளைவு, எந்தச் சத்திரத்தில் கிணறு உண்டு, எந்த இடத்தில் யானை குறுக்கே வரும், எல்லாவற்றையும் கறந்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பாடம். நான் கடகடவென்று ஒப்பிப்பேன். ஒரு கொட்டை தப்பினால் மறுபடி ஸ்ரீரங்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அத்தை கேட்டாள், "அது சரி, ஆத்துப் பெருமாளை என்ன பண்றது? பட்டினி போட்டுட்டு நாம ஊர் சுத்தறதா?"

பெருமாளாகவே வைத்துப் பூஜை செய்கிற சாளக்கிராமக் கல் எங்கள் வீட்டில் உண்டு. தினம் திருவாராதனம் ஆகி, தளிகை பண்ணி அமுது செய்விக்க வேண்டும். பெண்கள் அதைத் தொடக்கூடாது, அப்பாதான் செய்ய வேண்டும். எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார் சித்தப்பா. "அவா ஆத்து சாம்பார்ல வெங்காய வாசனை வரது" என்று அத்தை ஒரே போடாகப் போட்டாள். ஆக, அப்பா போகும் இடத்துக்குப் பெருமாளும் எழுந்தருள வேண்டியதுதான்.

பெருமாள் என்றால் பெட்டியும் சேர்த்து. கோயிலாழ்வார் என்று அதற்குப் பெயர். மரத்தில், பித்தளைக் குமிழ் வைத்து, அத்தையின் இடுப்பு உயரம். அதை டிக்கியில் வைக்க முடியுமா? காலடியில்தான் வைக்க முடியுமா? அபசாரம்! சீட்டில்தான் வைக்க வேண்டும்.

மறுநாள் வாசலில் ஒத்திகை. வீதியே கூடிவிட்டது. பெருமாளுக்குப் பதிலாக அதே அளவில் அரிசி டின்னைப் பின் சீட்டில் வைத்தார்கள். முன்னால் சித்தப்பாவும் அப்பாவும் உட்கார, பின்னால் அத்தை ஒரு பக்கம் ஏறிக்கொண்டாள். அந்தப் பக்கம் நான் தாவி ஏறினேன். டின்னில் படாமல் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்ததும் கதவு என் தோளில் இடித்தது. அவ்வளவுதான், கார் நிறைந்துவிட்டது. அம்மா இன்னும் ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"குழந்தையை மடியில வெச்சுக்கோங்கோ மன்னி" என்றார் சித்தப்பா. "மடியில வெச்சுண்டா கால் பெட்டியில படும், மடி போயிடும்" என்றாள் அத்தை. ஒரு மடி இன்னொரு மடிக்கு ஆகாமல் போயிற்று. அப்பா பெருமாளை விட்டு இருக்க முடியாது. சித்தப்பாதான் ஓட்ட வேண்டும். அத்தைக்கு மூன்று ரங்கம். மிச்சம் அம்மாவும் நானும். நான் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இறங்கச் சொல்லிவிடுவார்களோ என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா கதவருகில் வந்தாள். காரின் உள்பக்கத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் வரலை. நேக்குக் கார் ஒத்துக்காது, குமட்டும். குழந்தை போயிட்டு வரட்டும்" என்றாள்.

"அடடா, இதை முன்னாடியே சொல்லப்படாதோ!" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உடம்புக்கு ஆகாததை என்ன செய்ய முடியும் என்று அத்தையும் ஒத்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாவம், அம்மாவுக்குக் கார் ஒத்துக்காது என்று வீதி முழுக்க நானே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

பயணம் பிரமாதம். முத்தரசநல்லூர் தாண்டும் முன்பே நான்தான் தலைவி. "இப்ப வலது கைப் பக்கம் ஆறு ஒட்டிண்டே வரும்" என்பேன், வரும். "அந்த ஆலமரத்துக்கு அப்புறம் ரோடு ரெண்டாப் பிரியும், இடது பக்கம் போங்கோ" என்பேன், பிரியும். லாரிக்காரர்களிடம் வழி கேட்பதையே சித்தப்பா விட்டுவிட்டார். திம்பம் வளைவுகளில் அப்பா இரண்டு தடவை வாந்தி எடுத்தார். அத்தை எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணையே திறக்கவில்லை. மேலே போய் முகம் கழுவும்போது அப்பா சொன்னார், "நல்ல வேளை, அவ வரலை. நமக்கே இப்படின்னா அவ என்ன பாடு பட்டிருப்பாளோ!" நாங்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு, கீழே சமவெளி தட்டில் கொட்டிய அரிசி போலப் பரந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டே போனேன்.

தலைக்காவிரியில் சின்னக் குளம், அவ்வளவுதான். இதுவா நம் காவிரி என்று எனக்குச் சிரிப்பு வந்தது. செம்பில் பிடித்து, வாயை மெழுகு வைத்து அடைத்து அம்மாவுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதைக் கையில் வாங்கினாள், அலமாரியில் வைத்தாள், பிறகு என்னை அடுப்பங்கரையில் உட்கார வைத்து ஸ்ரீரங்கத்திலிருந்து ஆரம்பி என்றாள். தரையில் கரிக்கோடு அழியாமல் அப்படியே இருந்தது. நாங்கள் இல்லாத நாட்களில் அந்தப் பக்கம் அவள் மெழுகவே இல்லை. நான் ஒவ்வொரு ஊராகச் சொல்லச் சொல்ல, அம்மா ஒவ்வொரு புளியங்கொட்டையாக எடுத்துக்கொண்டே வந்தாள்.

என் கல்யாணத்தன்று திருச்சியில் இருந்த சத்திரத்துக்குப் போகச் சித்தப்பா ஒரு வாடகைக் கார் அமர்த்தியிருந்தார். என் பக்கத்தில் அம்மா. பாலத்தில் ஏறியதும் கண்ணாடியைக் கீழே இறக்கச் சொன்னாள். ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பட்டுப்புடவை காற்றில் படபடக்க, பாலம் முடிகிற வரை அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நன்னாத்தான் இருக்குடி. கார்ல நான் ஏறறது இதான் மொத தடவை" என்றாள்.

எனக்குச் சட்டென்று பயம் வந்தது. "ஐயோ, குமட்டறதாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எதைக் கேட்கிறேன் என்றே அவளுக்குப் புரியவில்லை.

"எதுக்குடி குமட்டணும்?" என்றாள்.